நீல வலைக்குள் ஒரு மாத்திரை

என் தம்பி பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்த புதிதில் அவன் கண்ணிமைகளின் உள்ளோரத்தில் மஞ்சளாகத் தடிப்பு வந்தது. பட்டாணியைப் பிளந்து ஒட்டவைத்தது போல, பக்கத்துக்கு ஒன்று. சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தான். நகத்தால் சுரண்டிப் பார்த்தான். கடைசியில் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டான். அது அவனுக்கு எடுப்பாகவே இருந்தது. அவன் தடத்தில் தினமும் வந்த பள்ளிக்கூடப் பெண்கள் அவனுக்கு 'ஹீரோ' என்று பெயர் வைத்தார்கள். பணிமனையிலும் அந்தப் பெயரே நிலைத்தது.

அம்மாவுக்கு மட்டும் அதைப் பார்த்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவுக்கும் அதே இடத்தில் அதே மஞ்சள் இருந்தது. பெரியப்பாவுக்கும் இருந்தது. இருவருமே தலை நரைக்கும் முன்பே போய்விட்டவர்கள். பெரியப்பா தொழிற்சாலை வாசலில் விழுந்தார். அப்பா ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர், நிமிரவே இல்லை. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தம்பி மேல்மாடிக் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தான். அவனைப் பாட்டை நிறுத்தச் சொல்ல மாடிப்படி ஏறியதுதான் அந்தக் காலையில் எனக்குத் தெளிவாக நினைவிருக்கும் காரியம்.

ஆகவே தம்பியை நானே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உங்களுக்குக் கொழுப்பு ரொம்ப ரொம்ப அதிகம்."

"இதை எங்கக்கா நான் பொறந்ததுலேருந்து சொல்லிட்டிருக்கா டாக்டர். நீங்க அதுக்கு ரத்தம் வேற எடுத்தீங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நான்தான் சிரித்துத் தொலைத்தேன். பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். இது தின்று வந்த கொழுப்பில்லை, பிறப்பிலேயே வந்தது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் ரத்தத்திலிருக்கும் கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் போன்றவை உண்டு. தம்பிக்கு அவற்றில் பாதி உருப்படியாக அமையவில்லை. அதனால் கொழுப்பு ரத்தத்திலேயே தங்கி, குழாய்ச் சுவரில் படிகிறது. மாத்திரை எழுதித் தந்தார். தினமும் ஒன்று. எவ்வளவு நாளைக்கு என்று தம்பி கேட்டதற்கு, "இருக்கற வரைக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் தம்பி, "என்னமோ இருக்கற வரைக்கும்னு சொல்றாங்க, அவங்க வீட்டு மாடியில வாடகைக்குக் குடிவெச்ச மாதிரி" என்றான். மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வாயிலும் போட்டுக்கொள்வான் என்று நான் நம்பினேன்.

அந்த மாத்திரை போய்த் தாக்கும் என்சைமை, அதாவது நொதியைத்தான் நான் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தேன். தற்செயல் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாததும் சரிதான். அப்பா போனதற்கப்புறம் வேறெதைப் படிக்கவும் எனக்கு மனம் ஒட்டவில்லை.

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில், தரைக்குக் கீழே இருந்தது எங்கள் ஆய்வுக்கூடம். நடைபாதையின் கூரையில் குழாய்கள் ஓடும். ஒரு குழாய் எப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கும், அதன் அடியில் வாளி வைத்திருப்போம். நடைபாதையின் கோடியில் தேநீர்க் கெட்டில். அதற்கு எதிரே குளிர் அறை. கதவு ஆணியில் இரண்டு கம்பளிக் கோட்டுகள் தொங்கும், எந்தக் காலத்திலோ யாரோ விட்டுப் போனவை. அந்தக் கோட்டுகளின் வாசனை, ஈரக் கம்பளியும் பழைய சோப்பும் கலந்த அது, இப்போதும் சில கடைகளில் திடீரென்று என் மூக்கில் ஏறும். நான் நின்றுவிடுவேன். பின்னால் வருபவர்கள் இடித்துக்கொள்வார்கள்.

எங்கள் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அப்புறம்'. எந்த முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும், எவ்வளவு நாள் தூங்காமல் செய்திருந்தாலும், தாடையைச் சொறிந்தபடி "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டும் திட்டும். கூட வேலை செய்தவன் ஒருவன். அவனைப் 'பூனை' என்போம். அதிர்ச்சி பட்டால் படிகம் கெட்டுவிடும் என்பதற்காகக் குளிர் அறைக்குள் காலுறையோடு நடப்பான். அது பழகிப்போய் எல்லா இடத்திலும் சத்தமில்லாமல் நடந்தான். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பான், நான் அலறுவேன். பின்னாளில் அவனையே கட்டிக்கொண்டேன். அலறல் இன்னும் நின்றபாடில்லை.

கல்லீரல் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பல படிகள் கொண்ட வேலை அது. அவற்றில் ஒரு படி மட்டும் மிக மந்தம். மொத்த வேலையின் வேகமும் அந்தப் படியின் கையில் இருக்கிறது. அதைச் செய்வதுதான் எங்கள் நொதி. வரும் மூலப்பொருளைத் தன் மடிப்பொன்றுக்குள் வாங்கி, மாற்றி, வெளியே விடும். திரும்ப அடுத்ததை வாங்கும். மாத்திரை இந்த நொதியைத் தடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த மருந்து அதன் எந்த மூலையில் போய் உட்காருகிறது, எதைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை.

பார்க்க வேண்டுமானால் நொதியைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து, மருந்தோடு சேர்த்து, படிகமாக்க வேண்டும். படிகத்தின் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால் அது புள்ளிப் புள்ளியாகச் சிதறும். அந்தப் புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டு, உள்ளே எந்த அணு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் படிகம் வளர வேண்டுமே! கண்ணாடித் தகட்டின் அடியில் சின்னச் சின்னத் துளிகளாகத் தொங்கவிட்டு, தட்டுத் தட்டாகக் குளிர் அறையில் அடுக்கிவைத்துவிட்டுக் காத்திருப்போம். பெரும்பாலும் துளி கலங்கிப் பால் மாதிரி ஆகிவிடும். சில துளிகள் காய்ந்து தொலையும். ஒருமுறை அற்புதமான படிகங்கள் வந்தன. பூனை என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றாத குறை. ஊசியால் தொட்டுப் பார்த்தால் 'நறுக்'கென்று உடைந்தது. உப்பு. சமையல் உப்புக்கு அக்கா முறை.

"அப்புறம்?" என்றார் பேராசிரியர்.

இப்படியே வருடங்கள் போயின. ஓர் இலையுதிர் காலத்தில், உப்பைக் கொஞ்சம் குறைத்து, சேர்க்கையைக் கொஞ்சம் மாற்றி வைத்த ஒரு தட்டில், துளியின் ஓரத்தில் கூர்மையான விளிம்புகளோடு சில பரல்கள் தெரிந்தன. ஊசியால் தொட்டேன். வெண்ணெய் போல் நசுங்கியது. நொதிப் படிகம் அப்படித்தான் நசுங்க வேண்டும். ஒன்றை நசுக்கிய துக்கம் தாளாமல் நான் அழுதேன். மற்றவை இருக்கின்றனவே என்று பூனை தேற்றினான்.

படிகங்களை உறையவைத்து, கடும் கதிர் கிடைக்கும் பெரிய நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அது வேறு நகரத்தில், காலையில் கிளம்பினால் மாலைக்குள் போய்ச்சேரும் தொலைவில் இருந்தது. எங்களுக்கு அங்கே நாள் ஒதுக்கியிருந்தார்கள். தவறவிட்டால் அடுத்த முறைக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய நாள் பல்கலைக்கழக வேன் உயிரை விட்டது. பூனைக்குச் சைக்கிள் மட்டும்தான் தெரியும். நான் ஓட்டினால் படிகமும் மிஞ்சாது, நாங்களும் மிஞ்ச மாட்டோம். தம்பிக்குப் போன் போட்டேன்.

"உன் உப்புக்கல்லைத் தூக்கிட்டுப் போக நான் லீவு போடணுமா?"

"உப்பு இல்லடா. இந்தத் தடவை நிஜம்."

"சரி, அழாத. வண்டிக்கு ஏற்பாடு பண்றேன்."

நண்பனின் சிறிய வேனை இரவல் வாங்கிக்கொண்டு விடிந்ததும் வந்து நின்றான். திரவ நைட்ரஜன் நிரப்பிய உலோகக் குடுவையைப் பின்னிருக்கையில் வைத்துப் பட்டி போட்டுக் கட்டினோம். பூனை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். குடுவையின் மூடியிடுக்கு வழியாக வெள்ளை ஆவி கசிந்தது. தம்பி வண்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மச்சான், அது குழந்தையா? ஏப்பம் விடுது" என்றான். அதுவரை பூனையை யாரும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. பூனை சிவந்துபோனான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்பி அன்று ஓட்டிய மாதிரி வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. பள்ளம் மேடு எல்லாவற்றையும் தடவிக் கொடுத்தபடி போனான். வளைவுகளில் குடுவை அசையவே இல்லை. மதியம் சாலையோரக் கடையில் நிறுத்தி ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். எழுந்து வண்டிக்கு நடக்கையில் அவன் காலை உதறிப்பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன்.

"கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. முன்னாடி இருந்ததுக்கு இப்ப தேவல."

"முன்னாடி என்ன இருந்தது?"

சாவியைச் சுழற்றினான். "அந்த மாத்திரை போட்டா கெண்டைக்கால் ரெண்டும் முறுக்கிப் பிழியற மாதிரி வலிக்குதுக்கா. நாள் முழுக்க பிரேக்குல கால் வெச்சிருக்கறவன் நான். வண்டி நிறைய ஜனம். நிறுத்திட்டேன்."

"எப்போ நிறுத்தின?"

"போன வருஷமே."

எனக்கு வந்த கோபத்தில் நடுரோடு என்றும் பார்க்கவில்லை. அப்பாவை இழுத்தேன், பெரியப்பாவை இழுத்தேன், அம்மா கண்ணீரை இழுத்தேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். அந்த மஞ்சள் முன்பைவிடப் பெரிதாகியிருந்தது.

"அது உள்ள போய் என்ன பண்ணுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"என்சைமைத் தடுக்குது."

"எப்படித் தடுக்குது?"

நான் வண்டிக்குள் இருந்த குடுவையைப் பார்த்தேன்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே போயிட்டிருக்கோம்? தெரிஞ்சப்புறம் சொல்லு. வண்டில ஏறு."

கிண்டலாக அவன் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

நிலையத்தில் எங்கள் முதல் படிகம் கதிர் பட்டதும் மங்கலான நாலு புள்ளிகளைக் காட்டிவிட்டு ஓய்ந்தது. இரண்டாவதில் பனி படிந்திருந்தது. மூன்றாவதை நான் ஏற்றினேன். திரையில் முதல் படம் விழுந்தபோது விளிம்பு வரைக்கும் புள்ளிகள், விதை தெளித்தாற்போல். பூனை சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பார்வையாளர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த தம்பி திடுக்கிட்டு எழுந்து, எந்த நிறுத்தம் வந்தது என்று கேட்டான்.

ஊர் திரும்பியதும் கணக்கு. அந்தக் காலக் கணினிகள் இப்போதைய கைபேசி நொடியில் செய்வதைச் செய்ய ஒரு வாரம் முனகும். கணக்கு முடிந்ததும் திரையில் நீல வலை எழுந்தது. எலக்ட்ரான்கள் அடர்ந்திருக்கும் இடங்களையெல்லாம் சுற்றிப் போர்த்திய வலை. அதற்குள் நொதியின் சங்கிலியை முடிச்சு முடிச்சாகக் கோத்துக்கொண்டு போக வேண்டும். பெரும்பகுதி நன்றாகப் பொருந்தியது. ஆனால் சங்கிலியின் வால்முனை வந்ததும் வலை அற்றுப்போனது. மருந்தில்லாத நொதியில் இந்த வால் ஒழுங்காக மடிந்து, மூலப்பொருள் உள்ளே வந்ததும் அதன்மேல் மூடி போலக் கவிந்துகொள்ளும். இப்போது அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"நம்ம டேட்டா சரியில்ல" என்றான் பூனை.

"மத்த எடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கே. வால் மட்டும் எப்படிச் சரியில்லாம போகும்?"

நாங்கள் மாற்றி மாற்றிச் சண்டை போட்டோம். கெட்டில் கொதித்து ஆறிக் கொதித்தது. ஒரு பிற்பகல், வாலை விட்டுவிட்டு மருந்தைத் தேடலாம் என்று வலையைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். மூலப்பொருள் வந்து உட்காரும் அதே இடத்தில் ஒரு நீலத் துண்டு, உருவம் பிசகாமல், மருந்தின் ஒரு முனையாக நின்றது. அந்த முனை அசல் மூலப்பொருளை உரித்துவைத்தாற்போல் இருக்கும் என்பது முன்பே தெரியும். மறுமுனைதான் புதிர். பருமனான, எண்ணெய்ப் பிசுக்கான வளையங்கள் அவை. எங்கே நுழையும் என்று நாங்களெல்லாம் வேறோர் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவை அங்கே போகவே இல்லை. வால் மடிந்திருக்க வேண்டிய இடத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளம் திறந்திருந்தது. வளையங்கள் அந்தப் பள்ளத்தில் சொகுசாகப் படுத்திருந்தன.

வால் காணாமற்போகவில்லை. மருந்து உட்கார்ந்ததால் மடிய இடமின்றி அலைந்துகொண்டிருந்தது. அலையும் பொருளுக்கு வலை விழாது. குறை என்று நாங்கள் அடித்துக்கொண்டதே விடை.

பூனையைக் கூப்பிடத் திரும்பினேன். பக்கத்தில்தான் நின்றிருந்தான். அலறினேன். பிறகு இருவரும் சேர்ந்து பேராசிரியரை இழுத்துவந்தோம். அவர் திரைக்கு முன் உட்கார்ந்து மெதுவாகச் சுழற்றிப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். நாங்கள் காத்திருந்தோம். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "கெட்டில்ல தண்ணி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் இருவருக்கும் தன் கையாலேயே தேநீர் போட்டுத் தந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை வரச்சொன்னேன். சீருடையோடு வந்தான். விளக்கை அணைத்து, முப்பரிமாணமாகப் பார்க்கும் கண்ணாடியை மாட்டிவிட்டேன். நீல வலையும் அதற்குள் நான் நிறம் பிரித்து வரைந்த அணுக்களும் திரையிலிருந்து எழும்பி அவன் மூக்குக்கு முன்னால் நின்றன. கையை நீட்டித் தொடப் பார்த்தான்.

"இதுதான் அந்த என்சைம். இதோ இந்த இடுக்குலதான் வேலை நடக்கும்."

"அதுக்குள்ள மஞ்சளா உக்காந்திருக்கறது யாரு?"

"உன் மாத்திரை."

வெகுநேரம் பார்த்தான். நான் அந்த இரண்டு முனைகளையும், திறந்த பள்ளத்தையும், அலையும் வாலையும் காட்டிக்காட்டிச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே வந்து, "இரு, இரு" என்று நிறுத்தினான்.

"இப்ப என் பஸ்ஸுல நான் ஏறறதுக்குள்ள, என் சீருடை மாதிரியே போட்டுக்கிட்டு ஒருத்தன் ஏறி டிரைவர் சீட்டுல உக்காந்துக்கறான். சரியா?"

"சரி."

"சட்டை மட்டும்தான் என்னை மாதிரி. கீழ மூட்டை முடிச்செல்லாம் வெச்சிருக்கான். அதனால கதவு மூட மாட்டேங்குது. பஸ்ஸு நல்லாத்தான் இருக்கு, ஆனா நகராது."

"அதேதான். என்சைமுக்கு எந்தச் சேதமும் இல்ல."

"எழுந்திருக்கவே மாட்டானா?"

"எழுந்திருப்பான். ஒட்டிக்கிட்டெல்லாம் இல்ல, சும்மா இறுக்கிப் பிடிச்சு உக்காந்திருக்கான். அசலை விட ஆயிரம் மடங்கு இறுக்கம். ஆனா உடம்பு அவனைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியேத்திடும். அதனாலதான் தினமும் ஒருத்தனை அனுப்ப வேண்டியிருக்கு."

"பணிமனைல இருக்கறவன் சும்மா இருப்பானா? வேற பஸ்ஸு அனுப்ப மாட்டான்?"

நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். "அனுப்புவான். செல்லுக்குள்ள கொழுப்பு குறைஞ்சா அது புதுசா என்சைம் செய்யும். கூடவே கொழுப்பைப் பிடிக்கற கொக்கியையும் அதிகமா வெளிய நீட்டும். உனக்குப் பாதிக் கொக்கிதான் சரி, இல்லையா? அந்தப் பாதி ரெண்டு மடங்கு உழைக்கும். ரத்தத்துல இருக்கறது குறையும். அதுதான் உனக்கு வேணும்."

கண்ணாடியைக் கழற்றினான். இருட்டில் அவன் முகம் திரையின் நீலத்தில் தெரிந்தது. "நான் இதை விஷம்னு நெனச்சேன்கா. உள்ள போய் எதையோ அரிக்குது, அதான் கால் வலிக்குதுன்னு. இவன் என்னடான்னா சும்மா உக்காந்திருக்கான்."

"கால் வலி பொய்யில்லடா. சிலருக்கு வரும். டாக்டர்கிட்ட சொன்னா மாத்தித் தருவாங்க. இவனுக்கு நெறைய சொந்தக்காரங்க இருக்காங்க. எல்லாருக்கும் சட்டை ஒண்ணுதான், மூட்டைதான் வேற வேற."

மறுநாள் வேலை முடிந்ததும் தானாகவே டாக்டரம்மாவிடம் போனான். அவர் திட்டினார் என்றான், நியாயமாகத் திட்டினார் என்றும் சொன்னான். ரத்தம் எடுத்துப் பார்த்து, வேறு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினார். கால் முதலில் கொஞ்சம் முனகியது, பிறகு அடங்கிவிட்டது.

நாங்கள் கட்டுரையை எழுதி முடிக்கும் தறுவாயில் பேராசிரியர் ஓர் ஆய்விதழைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். எங்கோ தொலைவிலிருந்த ஒரு குழு அதே நொதியை, அதே மருந்துக் குடும்பத்தோடு, எங்களைவிடத் துல்லியமாகப் பார்த்து வெளியிட்டுவிட்டது. பள்ளமும் இருந்தது, அலையும் வாலும் இருந்தது. படங்கள் எங்களுடையதைவிட அழகு. நான் அந்தப் பக்கங்களைப் புரட்டினேன். யாரோ என் வீட்டுக்குள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து என் தேநீரைக் குடித்துவிட்டுப் போனது போலிருந்தது. பூனை குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கோட்டுப் போடாமல் போயிருந்தான். நான் ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தட்டுகளுக்கு நடுவே நின்று, இருவரும் அந்த ஒரே கோட்டைப் போர்த்திக்கொண்டோம். எங்கள் கல்யாணம் அங்கேயே நிச்சயமானது என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்று மாலை பணிமனைக்குப் போய்த் தம்பியிடம் சொன்னேன். அவன் பேருந்தின் பக்கவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அப்ப அவங்க சொன்னதும் நீ சொன்னதும் ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான். அவங்க முந்திட்டாங்க."

"அப்ப நீ சொன்னது சரின்னு ஆச்சே! ரெண்டு பேர் தனித்தனியாப் போய்ப் பார்த்து ஒரே மாதிரி சொன்னா அது நல்லதுதானே?"

"உனக்குப் புரியாதுடா."

"புரிய வேணாம்." குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தான். "அவங்க உலகத்துக்குக் காட்டினாங்க. நல்லா இருக்கட்டும். எனக்கு நீதான்க்கா காட்டின. நான் மாத்திரை போடறது அவங்களுக்குத் தெரியுமா?"

அந்த ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று நான் அழுததைப் பார்த்து, பக்கத்து வண்டியிலிருந்த ஓட்டுநர் என்னைத் தம்பி கைவிட்ட காதலி என்று நினைத்துக்கொண்டாராம். அந்தக் கதை அங்கே வெகுநாள் ஓடியது.

எங்கள் கட்டுரையும் பிறகு வந்தது, சின்ன இதழ் ஒன்றில், அவர்கள் சொன்னது சரியே என்ற தொனியில். சிலர் படித்தார்கள். பேராசிரியர் ஓய்வு பெற்றுக் கடலோரம் வீடு பார்த்துக்கொண்டு போனார். அந்தத் தரையடிக் கூடத்தில் இப்போது கோப்புகள் அடுக்கியிருக்கிறார்கள். அண்மையில் ஒரு வேலையாய் அங்கே போனபோது எட்டிப்பார்த்தேன். குளிர் அறையின் கனத்த கதவைக் கழற்றிவிட்டார்கள். குழாய் வியர்ப்பது மட்டும் நிற்கவில்லை, வாளிதான் பிளாஸ்டிக்காக மாறியிருந்தது. எதற்கென்று தெரியாமல் அதன் பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். தம்பி, பூனை, நான், எங்கள் மூவரின் இளவயதும் அங்கே எங்கோ கிடந்தது போலிருந்தது.

தம்பிக்கு நடுவில் ஒருமுறை நெஞ்சு அடைத்தது. முன்பே படிந்ததை மாத்திரை முழுக்கக் கரைத்துவிடாது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற கம்பிச் சுருள் வைத்து விரித்தார்கள். இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, "பஸ்ஸுக்கு ரெண்டாவது கண்டக்டர் போட்டிருக்காங்க" என்றான். பிறகு மறுபடி ஓட்டினான். அப்பாவின் வயதைக் கடந்த வருடம் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. அம்மா மட்டும் அந்த வருடம் முழுக்க அவனை வாசலில் நின்று வழியனுப்பினாள். பெரியப்பாவின் வயதையும் கடந்தான். ஓய்வு பெற்றான்.

எங்கள் குடும்பத்தில் ஓர் ஆண் கிழவனானால் எப்படி இருப்பான் என்று எங்களுக்குத் தெரியாது. பார்த்ததில்லை. படத்திலிருக்கும் அப்பாவுக்குக் கறுத்த சுருட்டை முடி, இறுகிய தாடை. அதனால் தம்பிக்கு வருவதெல்லாம் எங்களுக்குப் புதினம். முடி நரைக்கவில்லை, முன்னாலிருந்து கொட்டியது. காது மடலில் முடி முளைத்தது. புருவம் வெளுத்துச் சிலிர்த்துக்கொண்டது. நடையில் ஒரு பக்கம் சாய்கிறான்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் எல்லோரும் மதியம் சாப்பிட்டு முடித்தோம். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பூனை துடைத்து அடுக்கினான். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து என் முந்தானையை இழுத்தாள். உதட்டில் விரலை வைத்து, வா என்று சாடை காட்டினாள்.

கூடத்தில் ஜன்னலோர நாற்காலியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. மூக்குக் கண்ணாடி சரிந்து உதட்டுக்கு வந்திருந்தது. கழுத்துத் தோல் தொங்கி, மூச்சு விடும்போதெல்லாம் அசைந்தது.

"பாரேன்" என்றாள் அம்மா கிசுகிசுப்பாக. "நல்லா கெழவனாயிட்டான்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவன் விழித்துக்கொள்ளப் போகிறான் என்ற பயத்தோடு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.